கரடி உடைக்குள் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டு நேரான பதில் வாங்கியவர் யாருமில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டால், "யாரு, நானா?" என்பார். மழை வருமா என்றால், "என்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே" என்பார். என்னை முதன்முதலாகப் பார்த்த அன்று, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "நிக்கிற வேலை" என்றார். நக்கலடிக்கிறார் என்று நினைத்து எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பிறகு பார்த்தால் அது உண்மையாகவே நிற்கிற வேலைதான்.

எகத்தாளம் போதாதென்று மறதி வேறு. ஒரு காலில் அவருடைய செருப்பும் மறு காலில் மகளுடைய செருப்பும் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். தேநீரில் உப்பைப் போட்டுவிட்டு, குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கெட்டுப்போய்விட்டது என்பார். அடுப்படிக்குள் கத்தரிக்கோல் எடுக்கப் போனவர் சீப்போடு வந்து நிற்பார். "அப்பா, நீங்க எதுக்குப் போனீங்க?" என்று மகள் கேட்டால், "திரும்பிப் போய்க் கேட்டுட்டு வரேன்" என்பார். இதில் எது மறதி, எது விளையாட்டு என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அவருக்குக் குழப்பமே கிடையாது. கரடிக்குள் போய்விட்டால் மனிதர் தெளிவு.

எங்கள் தெரு முழுக்கக் கடைகள்தான். அதில் பெரியது மூன்று மாடி வீட்டுச் சாமான் கடை. அதன் வாசலில் பழுப்பு நிறத்தில் ஒரு கரடி நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கை ஆட்டும். அதற்குள் இருப்பவர்தான் இவர். தெருவில் அவருக்குப் பேரே கரடி. எனக்குக் கரடி வீட்டம்மா என்று பேர். நான் எதிர்க் கட்டடத்து மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தைப்பது, இதுதான் என் தொழில். மிஷினிலிருந்து தலையைத் தூக்கினால் கரடி தெரியும். அதன் முகத்தில் ஒரே சிரிப்புத்தான் எப்போதும். ஆனால் அவர் களைத்திருக்கிறாரா, பசியா, யார் மேலாவது எரிச்சலா என்பதை நடையை வைத்துச் சொல்லிவிடுவேன்.

கரடிக்குச் சட்டம் உண்டு. பேசக் கூடாது. குழந்தைகள் பார்க்கிற இடத்தில் தலையைக் கழற்றக் கூடாது. இந்த இரண்டும் கடை மேனேஜர் போட்டவை. மூன்றாவது இவராகவே போட்டுக்கொண்டது: ஒரு குழந்தை கையை நீட்டினால் அந்தக் கை சும்மா திரும்பிப் போகக் கூடாது. வாசலில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் குனிந்து, அந்தப் பிஞ்சுக் கையைக் கரடிக் கைக்குள் வாங்கி, இரண்டு தரம் ஆட்டிவிட்டுத்தான் நிமிர்வார். வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாத மனிதர், இதில் ஒரு குழந்தையைக்கூட விட்டதில்லை.

கரடியின் முதுகில் ஒரு ஜிப் இருக்கிறது. வாண்டுகள் பின்னால் வந்து அதை இழுத்துவிட்டு ஓடுவதால், அதை மூடி ஒரு பட்டி வைத்து வரிசையாகக் கொக்கி போட்டுத் தரச் சொன்னார் மேனேஜர். நான்தான் தைத்துக் கொடுத்தேன். உள்ளே போக ஒருவர் மாட்டிவிட வேண்டும், வெளியே வர ஒருவர் கழற்றிவிட வேண்டும். தலைக்குள் ஒரு குட்டி மின்விசிறி இருந்தது, அது என்றைக்கோ நின்றுபோய்விட்டது. வாயில் இருக்கிற வலை வழியாகத்தான் பார்வையும் மூச்சும்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் இவர் சளி பிடித்து ஒரு வாரம் படுத்துவிட்டார். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்கினார், எழுந்தார், மறுபடியும் போட்டுக்கொண்டு தூங்கினார். அவர் படுத்தபோது வெயில் சாதாரணமாகத்தான் இருந்தது. எழுந்து வேலைக்குப் போன அன்று தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. அன்றைக்குக் கடையில் தள்ளுபடி விற்பனையும் ஆரம்பம். "இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் சேர்த்து நின்னுடுங்கண்ணே" என்று மேனேஜர் கேட்டாராம். இவரும் தலையை ஆட்டிவிட்டார். எந்தத் தலையை என்று யார் கண்டார்கள்?

முதல் ஓய்வுக்கு, கழற்றிய தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின் சந்து வழியாக என்னிடம் வந்தார். என் குட்டி ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்தார். முகம் வேகவைத்த மாதிரி சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தலை வலிக்குதா?"

"எந்தத் தலை?"

"வயித்தைப் புரட்டுதா?"

"கரடிக்குப் புரட்டும்போல. எனக்குத் தெரியாது."

"ஒழுங்கா ஒரு பதில் சொல்ல மாட்டீங்களா? போங்க, போய் நில்லுங்க."

போய்விட்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வருகிறது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

அடுத்த ஓய்வுக்கு அவர் வரவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு வந்ததால் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பேன்ட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கரடி வாசலை விட்டு இறங்கி, அங்கே நின்ற ஸ்கூட்டர் ஒன்றின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் படுத்த படுக்கையில் புது வித்தை யோசித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு கரடி கடைக்குள் போகத் திரும்பியது. கதவு ஒரு பக்கம் இருக்க, பக்கத்தில் இருந்த கண்ணாடிச் சுவரில் போய் முட்டியது. பின்னால் நகர்ந்து நின்றது. மறுபடி போய் முட்டியது. கடை வாட்ச்மேன் அண்ணன் கையைத் தட்டிச் சிரித்தார். தெருவே சிரித்தது. நான் மிஷினை நிறுத்தினேன். நடிக்கிறாரா? கால்கள் ஒன்றையொன்று தேடுவதுபோல் வைத்தார். குடிப்பழக்கம் இல்லாத மனிதர். சிரிக்கலாமா, எழுந்து போகலாமா? எழுந்து போய், அது வித்தையாக இருந்தால், "பாரு, நீயே ஏமாந்துட்டே" என்று வருஷம் பூராவும் சொல்லிக்காட்டுவார். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்போது ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு கடையிலிருந்து வெளியே வந்தாள். குழந்தை கரடியைப் பார்த்துக் கையை நீட்டியது. கரடி அந்தக் கையைத் தட்டிவிட்டு நடந்தது.

வித்தைக்காகக்கூட அவர் அதைச் செய்ய மாட்டார். கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே ரோட்டைக் கடந்து ஓடினேன். கரடியின் தோளைப் பிடித்துத் திருப்பி, வாய் வலைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தேன்.

"என்னங்க, நான் பேசுறது கேக்குதா? நான் யாரு?"

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பேசக் கூடாத கரடி பேசியது.

"பஸ் வந்துருச்சா?"

"எந்த பஸ்ஸு? நான் யாருன்னு சொல்லுங்க."

"டிக்கெட் குடுத்துட்டேனே."

வாட்ச்மேன் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க வீட்டுக்காரருக்கு இந்த நக்கல் மட்டும் போகாதும்மா" என்றார். ஒரு நொடி எனக்கும் அப்படித்தான் பட்டது. விளையாடாதீங்க என்று அவரை உலுக்கினேன். உலுக்கியதும் முழங்கால் மடங்கி, என் மேலேயே சரிந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். "தலையைக் கழட்டாதீங்க, குழந்தைங்க பாக்குறாங்க, உள்ள குடோனுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார். நான் அதற்குள் தலையைக் கழற்றிவிட்டேன். கழற்றி எங்கே எறிந்தேன் என்று தெரியாது. முதுகைப் புரட்டிக் கொக்கிகளைக் கழற்றப் பார்த்தேன். வியர்வையில் கை வழுக்கியது. நானே தைத்த கொக்கி, நல்ல கெட்டித் தையல். இரண்டு கழன்றன, மற்றவை அசையவில்லை. ஜிப்பும் கரடி முடியில் சிக்கிக்கொண்டது.

கத்தரிக்கோல் கையில்தானே இருந்தது? அவரை மல்லாக்கப் போட்டு, கரடியின் கழுத்தில் வைத்து, அடிவயிறு வரை ஒரே வெட்டாக வெட்டினேன். சுற்றி நின்ற குழந்தைகள் வீறிட்டு அழுதார்கள். "அது கடைச் சாமான்மா" என்று மேனேஜர் சொன்னது காதில் விழுந்தது. பிளந்ததும் உள்ளேயிருந்து அடித்த சூடு, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி என் முகத்தில் அடித்தது.

பக்கத்து ஜூஸ் கடை அக்கா ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. என்ன நடந்தது என்று கேட்டது. ஆள் விழிக்கிறாரா, பேசுகிறாரா, சொல்வது புரிகிறதா என்று கேட்டது.

"விழிக்கிறார். ஏதேதோ உளறுறார். என்னைத் தெரியலை" என்றேன்.

வாட்ச்மேன் அண்ணன் குறுக்கே புகுந்தார். "வேர்த்து ஊத்துதுங்க. வெயில் தாக்கினா வேர்க்காதுன்னு சொல்வாங்களே? இது வெறும் மயக்கமாத்தான் இருக்கும்." சொல்லிக்கொண்டே ஒரு சோடாவை இவர் வாயருகே கொண்டுபோனார்.

"வாயில எதுவும் ஊத்தாதீங்க, புரையேறிடும்" என்றது குரல். "வேர்த்தாலும் வெயில் தாக்கும். வேர்வையை வெச்சு முடிவு பண்ணாதீங்க. உடம்பு கொதிச்சு, ஆள் குழம்பிப்போனா அதுதான் ஆபத்து. வண்டி வருது. அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே குளிர வைக்கணும். நிழலுக்கு இழுங்க, துணியைக் கழட்டுங்க, உடம்பு பூராத் தண்ணி ஊத்துங்க, விசிறுங்க. ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க. வண்டி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

நடைபாதை கழுவுகிற குழாயை வாட்ச்மேன் அண்ணனே இழுத்துக்கொண்டு வந்தார். முதலில் வந்த தண்ணீர் கொதித்தது. அதைத் தெருவில் விட்டு, ஆறினதும் இவர் மேல் திருப்பினார். ஜூஸ் கடை அக்கா ஐஸைத் துணியில் கட்டிக் கட்டிக் கொடுத்தாள். மேனேஜர் தள்ளுபடி விளம்பர அட்டை ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்து, டை அவிழ்ந்து தொங்க, மூச்சு வாங்க விசிறினார். இவரோ உள்ளாடையோடு தெருவில் கிடந்துகொண்டு, கண்டக்டரிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஐஸைத் தேய்த்தபடியே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேனாம். என்ன திட்டினேன் என்று ஜூஸ் கடை அக்கா இன்றுவரை சொல்ல மறுக்கிறாள். எனக்குப் பயம். வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் நான் பட்டதில்லை. அவர் இல்லாமல் எனக்கு ஒன்றும் முடியாது என்பது, அவர் மேல் தண்ணீர் ஊற்றும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சூடு நாற்பதைத் தாண்டி இருந்ததாகச் சொன்னார்கள். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்த பிறகும் அப்படி. குளிர வைக்காமல் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. சாயங்காலம் இவர் கண்ணைத் திறந்தார். நர்ஸ் என்னைக் காட்டிக் கேட்டாள்.

"இவங்க யாருன்னு தெரியுதா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியலைங்க" என்றார். "ஆனா ரொம்பக் கோவமா இருக்காங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். அது பழைய நக்கலா, இல்லை நிஜமாகவே நான் யாரென்று தெரியவில்லையா? யாரைப் போய்க் கேட்பது? சரிபார்க்க இன்னொரு தரம் கேட்கலாம் என்றால் மறுபடி தூங்கிவிட்டார். ராத்திரி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் என்னைப் பார்த்ததும், "ஏம்மா, என் கரடியை நீதான் கிழிச்சியாமே? தையக்கூலி யாரு குடுப்பா?" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தின நாள் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒரு நர்ஸையே பார்க்கவில்லை என்றார். ஆகவே அது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு.

ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகும் வரை அங்கேயே வைத்திருந்தார்கள். நர்ஸ் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். வெயிலுக்கு உடம்பு பழக நாள் பிடிக்குமாம். படுத்திருந்த வாரத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. திரும்பி வந்ததும் முதல் நாள் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றியிருக்க வேண்டுமாம். சளிக்குப் போட்ட மாத்திரை வியர்வையைக் குறைத்துவிடும் ரகமாம். அதன் மேல் கம்பளி மாதிரி ஒரு உடுப்பு. "தலைவலி, குமட்டல் வந்தப்பவே உட்கார வெச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபின் கரடியைத் தைத்துத் தரச் சொல்லி மேனேஜர் ஒரு மூட்டையோடு என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். பழையபடி தைக்க மாட்டேன் என்றேன். முதுகு ஜிப்பை அடைத்துவிட்டு, முன்பக்கம் கழுத்திலிருந்து தொடை வரை வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வைத்தேன். யார் இழுத்தாலும் ஒரே இழுப்பில் கரடி இரண்டாகும். உள்ளே நெஞ்சிலும் முதுகிலும் ஐஸ் பை வைக்கப் பாக்கெட் வைத்தேன். செத்த மின்விசிறியை மாற்றித் தந்தால்தான் தலையைத் தருவேன் என்றேன். உச்சி வெயிலில் கரடி கிடையாது, கொஞ்ச நேரம் நின்றால் அதே அளவு நேரம் நிழலில் உட்காரணும், இன்னொரு ஆளும் மாறி மாறிப் போடணும் என்று நான் சொன்ன எல்லாவற்றுக்கும் மேனேஜர் ஒத்துக்கொண்டார். விளம்பர அட்டையைப் பிய்த்து அவர் விசிறியதை நான் பார்த்திருந்தேன். அதனால் ரொம்ப மிரட்டவில்லை.

தெருக் குழந்தைகளிடம் வேறு கதை பரவிவிட்டது. கரடி ஒரு மாமாவை விழுங்கிவிட்டது, தையக்கார அத்தை கரடி வயிற்றைக் கிழித்து மாமாவை வெளியே எடுத்தாள், பிறகு கரடியையும் பாவம் என்று தைத்துவிட்டாள். என் கடைக்கு முன்னால் அவர்கள் இப்போது மரியாதையாக நடக்கிறார்கள்.

இவர் பழையபடி கரடிக்குள் போய்விட்டார். முதல் நாள் அரை மணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. எனக்குத்தான் பழைய மாதிரி இருக்க முடியவில்லை. தேநீரில் உப்பைப் போட்டால் முன்பெல்லாம் கத்துவேன். இப்போது டம்ளரை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். இது என்றைக்கும் உள்ள மறதியா, அந்த மறதியா? ஆகவே ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு ஓய்வுக்கும் என்னிடம் வர வேண்டும். வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் கழுத்தில் கை வைத்துக் கேட்பேன்.

"நான் யாரு?"

"என் சம்சாரம்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"தலை வலிக்குதா?"

"இல்லை." அல்லது, "ஆமா, லேசா."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கண்ணைப் பார்த்துச் சொல்வார். இந்தக் கேள்விகளுக்கு மட்டும் ஒரு தரம்கூடக் குதர்க்கமாகப் பதில் சொன்னதில்லை. அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அவராகவே அப்படி. எழுந்து தலையை மாட்டிக்கொண்ட பிறகு, மழை வருமா என்றால் பழையபடி எகத்தாளம்தான்.

போன வாரம் ஒரு நாள் வெயில் இறங்கியும் காற்றே இல்லை. என் படிக்கட்டடி அடுப்பு மாதிரி கிடந்தது. கொதிக்கிற இஸ்திரிப்பெட்டியோடு குனிந்து நின்றிருந்தேன். காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிவறைக்கு எதிர்க்கடை மூன்றாவது மாடி ஏற வேண்டும் என்று பாதி நாள் நான் குடிப்பதே இல்லை. இவர் ஓய்வுக்கு வந்து, சொம்பை எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் குடிக்காமல் நின்றார்.

"நீ குடிச்சியா?"

"அப்புறம் குடிக்கிறேன்."

"எங்கே, சொல்லு பார்ப்போம். நான் யாரு?"

எத்தனை வருஷத்துப் பாக்கி! ஒரு தடவையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

"யாரு, நீங்களா?" என்றேன். "பஸ் டிரைவர்தானே?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். சொம்புத் தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினார். மிஷின் மேலிருந்த யாருடைய பேன்ட்டோ நனைந்து ஒழுகியது. ஃபேனைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஐஸ்" என்று ஜூஸ் கடைப் பக்கம் கத்தினார்.

"ஐயோ, நில்லுங்க. விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றேன்.

"விளையாட்டுக்கா?"

"ஆமா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபேன் இன்னும் கையில்தான் இருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அதைச் சொல்லிக்காட்ட வாய் வரைக்கும் வந்தது. ஈரத் தலையோடு அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து என் கழுத்தில் வைத்துக்கொண்டேன்.

"நீங்க என் வீட்டுக்காரர். இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. லேசாத் தலை வலிக்குது" என்றேன்.